கேட்டுக்கொண்டால், உத்தரவு போட்டால், பில்லை ஏற்றினால்

எதையாவது குறைக்க வேண்டும் என்று வரும்போது அரசின் கையில் இருப்பவை மூன்று வழிகள். தயவுசெய்து குறையுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். உத்தரவு போடலாம். விலையை ஏற்றிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். கொங்குப் பகுதி இந்த மூன்றையுமே நன்றாகப் பார்த்திருக்கிறது.

மூன்றும் வரிசையாக நடந்தது சமையல் கேஸில். 2015 மார்ச்சில் வசதி உள்ளவர்கள் மானியத்தை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் கேட்டார். ஒரு வருடத்தில் சுமார் 1 கோடிப் பேர் விட்டுக்கொடுத்தார்கள். அப்போது நாட்டில் இருந்த இணைப்புகள் ஏறத்தாழ 15 கோடி. 2016 ஜனவரியிலேயே, ஆண்டு வருமானம் 10 லட்சத்துக்கு மேல் இருந்தால் மானியம் கிடையாது என்று உத்தரவும் வந்துவிட்டது. 2020-இல் பெரும்பாலான வீடுகளுக்கு மானியம் சத்தமில்லாமல் பூஜ்யமானது. முதலில் விட்டுக்கொடுத்தவருக்கும் கடைசிவரை விடாதவருக்கும் இப்போது ஒரே விலை!

வேண்டுகோள் என்றாலே வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பல வருடங்களாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் கையில் மத்தாப்போடு சரி. கூழைக்கடாவும் நாரையும் ஏரியில் இறங்கும் பருவம் அது. இந்தக் கட்டுப்பாடு ஊர் தானாக வைத்துக்கொண்டது. இதையே பட்டாசு நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2018-இல் உச்ச நீதிமன்றம் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம் என்றது. தமிழக அரசு காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று பிரித்துக் கொடுத்தது. வழக்குகளும் பதிவாயின. ஆனாலும் கோவையிலோ திருப்பூரிலோ இரவு எட்டு மணிக்கு எந்தத் தெரு அடங்குகிறது? வெள்ளோட்டில் ஒருவன் வெடித்தால் யார் வெடித்தது என்று ஊருக்கே தெரியும். வெடிக்காமல் இருப்பதால் யாருக்கும் வருமானம் போவதும் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் வேண்டுகோள் பலிக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டுமே இல்லாத இடம் திருப்பூர்ச் சாயப்பட்டறை. சாயத்தண்ணீரைச் சுத்திகரிக்கப் பெரிய செலவு பிடிக்கும். ஒரு பட்டறை மட்டும் மனசாட்சியோடு சுத்திகரித்தால் அதன் கூலி ஏறும், ஆர்டர் சுத்திகரிக்காத பட்டறைக்குப் போய்விடும். "நாங்க மட்டும் எதுக்குங்க நட்டப்படணும்?" என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். நொய்யல் ஆறு மட்டும் கறுத்துக்கொண்டே போனது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் தொட்டியானது. கீழே அணைத் தண்ணீரில் பாசனம் செய்த ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். துளிக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று 2006-இல் உயர் நீதிமன்றம் சொன்னது, 2009-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்கும் அசையவில்லை என்றதும் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் எல்லாப் பட்டறைகளையும் மூடு, கரண்டைத் துண்டி என்றது.

அந்த வருடம் திருப்பூர் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்ல முடியாது. வேலை போனவர்கள் ஏராளம். சாயமிடும் வேலை கொஞ்சம் வேறு ஊர்களுக்கும் நகர்ந்தது, அதாவது அழுக்கும் கூடவே நகர்ந்தது. ஆனால் அந்த உத்தரவுக்குப் பிறகுதான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உருப்படியாக ஓட ஆரம்பித்தன. அரசும் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனோடு வந்தது. தண்ணீரை மீட்டு மறுபடி சாயத்துக்கே விடுவது இன்று தொழிலில் சாதாரணம். எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே உத்தரவு என்பதுதான் இதன் பலம்.

அது எல்லாருக்கும் ஒன்றாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2012-இன் மின்வெட்டு. கணக்குப்படி சென்னைக்கு 2 மணி நேரம், மற்ற ஊர்களுக்கு 4 மணி நேரம். கோவையில் நடைமுறையில் அதைவிட எவ்வளவோ அதிகம். கணபதியிலும் பீளமேட்டிலும் லேத் போட்டிருந்த சின்னப் பட்டறைக்காரர்கள் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே நொந்தார்கள். பற்றாக்குறையை விட அந்தப் பாகுபாடுதான் இன்னும் பேச்சில் இருக்கிறது.

கீழ்பவானி வாய்க்காலில் பாருங்கள். ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர். பவானிசாகர் அணையால் அத்தனைக்கும் ஒரே பருவத்தில் தண்ணீர் கொடுக்க முடியாது. அதனால் பாதிக்கு, அதாவது 1,03,500 ஏக்கருக்கு, நன்செய்த் தண்ணீர். மீதிப் பாதிக்கு அடுத்த பருவத்தில் புன்செய்த் தண்ணீர். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை மாறி வரும். இதுவும் உத்தரவுதான், பாதிப் பேர் சும்மா இருக்கத்தான் வேண்டும். ஆனால் இதை யாரும் தியாகம் என்று சொல்வதில்லை, அடுத்த முறை நமக்கு என்று தெரியும்.

விலை வீட்டுக்குள் நன்றாக வேலை செய்கிறது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்தை விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம் என்று 2022-இல் அரசு சொன்னது. விட்டுக்கொடுத்தேன் என்று சொன்ன ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை. ஆனால் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகள் சிலவற்றுக்கும் விகிதம் ஏறிவிடும் என்பதால், ரீடிங் எடுக்க வரும் வாரத்தில் ஏசியை அணைக்கிற வீடுகள் எத்தனையோ.

சரி, நிலத்தடி நீர்? ஆயிரம் அடி போர் போட்டும் புகை வருகிற ஊர்கள் இங்கே உண்டு. விலை வழி அடைபட்டது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-இல் பெருமாநல்லூரில் உயிர்ப்பலி கொடுத்த மண்ணில் பம்புசெட்டுக்குக் கட்டணம் என்று எந்தக் கட்சியும் வாய் திறக்காது. உத்தரவும் நிற்கவில்லை. 2003-இல் போட்ட நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013-இல் ரத்தானது. மிஞ்சியது வேண்டுகோளும், சிறு விவசாயிக்கு 100 சதவீத மானியத்தில் சொட்டுநீரும்தான். சொட்டுநீரில் மிச்சமான தண்ணீரை வைத்து இன்னும் இரண்டு ஏக்கர் தென்னை வைக்காதவர் குறைவு. இது சாயப்பட்டறைக் கதையேதான். நான் மோட்டாரை நிறுத்தினால் பக்கத்துத் தோட்டம் இறைத்துக்கொள்ளும். போருக்கும் போருக்கும் இத்தனை தூரம், இதற்கு மேல் ஆழம் கிடையாது என்று எல்லாத் தோட்டத்துக்கும் ஒரே நாளில் வந்தால் நானே முதலில் திட்டுவேன். ஆனாலும் என் ஓட்டு அதற்குத்தான்.