ஸ்லோ குக்கர் பாஸ்தா: ஓவனா, பிரஷர் குக்கரா?

குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரமான ஸ்லோ குக்கர் இல்லாமல், அதற்கென்று எழுதிய பாஸ்தா குறிப்புகளை எதில் செய்வது? லசானியாவை, அதாவது பாஸ்தா தகடுகளைச் சாஸும் சீஸும் வைத்து அடுக்கிச் செய்வதை, நான் ஓவனில்தான் வைப்பேன். ஸ்லோ குக்கரில் ஆவி வெளியே போகாது, அதனால் குறிப்பில் தண்ணீர் குறைவாக இருக்கும், ஓவனில் வற்றிவிடும். சாஸில் அரை கப் தண்ணீர் கூட்டி, ஃபாயிலால் இறுக மூடி, 180 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம் வையுங்கள். பிறகு ஃபாயிலை எடுத்துவிட்டு இன்னும் 10 நிமிடம். ஓரத்துச் சீஸ் பழுப்பேறி மொறுமொறுவென்று வரும். எங்கள் வீட்டில் அந்த ஓரத்துக்குத்தான் போட்டி!

அவசரத்துக்குப் பிரஷர் குக்கர், அதுவும் மக்ரோனிக்கு. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தில் பாதி போதும். கெட்டித் தக்காளி சாஸ் அடிப்பிடிக்கும். பாஸ்தாவும் தண்ணீரும் கீழே, சாஸ் மேலே, கிளறவே கூடாது. பாலும் சீஸும் மூடியைத் திறந்த பிறகுதான், முன்பே சேர்த்தால் பால் திரிந்துவிடும்.