தப்பாக வந்த செல்போன் பில்: கம்பெனியிடமே போராடுவதா, நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதா, நம்பரோடு வேறு கம்பெனிக்குக் கிளம்புவதா?

திருநெல்வேலியில் இருக்கும் என் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவர் பெயரில் இருந்த போஸ்ட்பெய்டு இணைப்பை மாமாதான் பயன்படுத்தி வந்தார். மாமா காலமான மறு மாதமே அத்தை கம்பெனியின் கடைக்குப் போய் இணைப்பை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். கவுண்டரில் இருந்த பையன் துண்டுத் தாளில் நம்பரைக் குறித்துக்கொண்டு, "சரிம்மா, நிறுத்திடுறோம்" என்றிருக்கிறான். நிறுத்தவில்லை. மாதம் 499 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 588 ரூபாய் 82 காசு. மூன்று மாதத்துக்கு 1,766 ரூபாய் 46 காசு பாக்கி என்றது நோட்டீஸ். அத்தை பயந்துபோய், "கட்டித் தொலைச்சிடுறேன்டா" என்றார்.

இந்த மாதிரி நேரத்தில் நம் முன்னால் இருக்கும் வழிகளை அன்றுதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லோரும் முதலில் யோசிக்கும் வழிதான் இருப்பதிலேயே பலவீனமானது.

அதுதான் நம்பரை போர்ட் செய்வது, அதாவது அதே நம்பரோடு வேறு கம்பெனிக்கு மாறுவது. 1900க்கு ஒரு எஸ்எம்எஸ், பதிலுக்கு வரும் எட்டு எழுத்துக் குறியீடு, பக்கத்துக் கடையில் புது சிம். இந்த வசதி நாடு முழுக்க 2011 ஜனவரியில் வந்தது. சேவை சரியில்லை என்றால் நல்ல மருந்துதான். ஆனால் பில் தகராறுக்கு இது மருந்தே இல்லை. போஸ்ட்பெய்டில் கெடு தாண்டிய பாக்கி இருந்தால் குறியீடே வராது. போர்ட் செய்த பிறகு பழைய கம்பெனி கடைசி பில்லைப் போட்டு, அதை நீங்கள் கட்டாமல் விட்டால், புதுக் கம்பெனியிடம் சொல்லி உங்கள் இணைப்பைத் துண்டிக்கவும் விதியில் இடம் இருக்கிறது. தகராறை முடித்துவிட்டுப் போர்ட் செய்யுங்கள். போர்ட் செய்தால் தகராறு முடியும் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது கம்பெனியின் உள்ளேயே இருக்கும் இரண்டு படிகள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் கொண்டுவந்த விதிகளின்படி, கம்பெனியின் புகார் மையத்தில் புகாரைப் பதிந்ததும் ஒரு டாக்கெட் எண் (புகாரின் பதிவு எண்) தர வேண்டும். அந்த எண்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். 198க்குப் போன் செய்து அரை மணி நேரம் பேசிவிட்டு எண் வாங்காமல் வைத்தால், சட்டத்தின் கண்ணில் நீங்கள் பேசவே இல்லை. கடையில் நேரில் சொல்வதும் அப்படித்தான். அத்தை மாட்டிக்கொண்டது அங்கேதான். பில் புகாருக்கான பதில் எப்படியும் 6 வாரத்தைத் தாண்டக் கூடாது.

அந்தப் பதில் பெரும்பாலும் ஏமாற்றமாகத்தான் வரும். புகாரைப் பதிந்த எங்களுக்கும், "நிறுத்தக் கோரிய பதிவு எதுவும் எங்களிடம் இல்லை" என்று ஒரே வரியில் வந்தது. இங்கே பலர் சோர்ந்து பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். அடுத்த படியான மேல்முறையீட்டு அதிகாரி என்று ஒருவர் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. 30 நாளுக்குள் மின்னஞ்சலிலோ தபாலிலோ மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் கிடையாது. கம்பெனியின் ஆள் ஒருவரும் நுகர்வோர் அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் கொண்ட ஆலோசனைக் குழு இதற்கென்று உண்டு. அதிகாரி 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வேலை பார்ப்பது கம்பெனிக்குத்தான் என்றாலும், கஸ்டமர் கேரில் பேசுகிறவருக்கும் இவருக்கும் பெரிய வித்தியாசம்: இவர் காகிதங்களைப் பார்த்து எழுத்தில் முடிவு சொல்லியாக வேண்டும்.

ஆகவே காகிதம் தேடினோம். மூன்று பில்களின் இரண்டாம் பக்கத்திலும் அழைப்பு 0, எஸ்எம்எஸ் 0, டேட்டா 0.00. சிம்மோ மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டில், செல்லோ டேப் ஒட்டிய காகிதத்தில் மடித்தபடி கிடந்தது. அதை விட முக்கியமான ஒன்றும் அகப்பட்டது. இணைப்பை நிறுத்தச் சொன்ன அன்றே அத்தை கடைசி பில்லைக் கவுண்டரில் ரொக்கமாகக் கட்டியிருந்தார். அந்த ரசீதில் கடையின் முத்திரையும் தேதியும் இருந்தன. மூன்றையும் போட்டோ எடுத்து, டாக்கெட் எண்ணோடு ஒரு பக்கக் கடிதமாக அனுப்பினேன். பாக்கி முழுவதும் தள்ளுபடி என்று ஐந்தாவது வாரத்தில் பதில் வந்தது.

மத்திய அரசின் நுகர்வோர் உதவி எண் 1915ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழிலேயே பேசலாம், செலவில்லை. ஆனால் அவர்களால் புகாரைக் கம்பெனிக்குத் தள்ளத்தான் முடியும், உத்தரவு போட முடியாது. தொலைத்தொடர்புத் துறையின் குறைதீர் பிரிவும் ஏறத்தாழ இப்படித்தான். டிராய்க்கு நேராக எழுதுவது வீண்; தனி நபர் புகாரை விசாரிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. இவற்றை மேல்முறையீட்டோடு கூடவே செய்யலாம், அதற்குப் பதிலாகச் செய்யக் கூடாது.

மேல்முறையீட்டிலும் நியாயம் கிடைக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். "டெலிபோன் கேஸை அங்கே எடுக்க மாட்டார்கள்" என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது பழைய கதை. டெலிபோன் தகராறுகளை நடுவரிடம் விடச் சொல்லும் தந்திச் சட்டத்தின் 7பி பிரிவைக் காட்டி 2009இல் உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் அகமதாபாத்தில் மாதம் சராசரியாக 555 ரூபாய் பில் கட்டி வந்த ஒருவருக்கு 2013 நவம்பர், டிசம்பரில் ஒரே பில்லாக 24,609 ரூபாய் 51 காசு வந்தது. அவர் நுகர்வோர் மன்றத்துக்கு (ஆணையத்தின் பழைய பெயர்) போக, கம்பெனி விடாமல் உச்ச நீதிமன்றம் வரை இழுத்தது. 2022 பிப்ரவரி 16 அன்று நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, நுகர்வோர் மன்றம் இத்தகைய வழக்குகளை விசாரிக்கலாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதைச் சொல்வதற்கே எட்டு வருடம் ஆனது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. அந்த மனிதர் விடாமல் நின்றதால்தான் நமக்கு இந்தக் கதவு திறந்திருக்கிறது.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இணையம் வழியாகவும் போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. செல்போன் பில் அதைத் தாண்டப் போவதில்லை. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். பணத்தைத் திருப்பித் தருவதோடு மன உளைச்சலுக்கு இழப்பீடும் கேட்கலாம். குறை என்னவென்றால் காலம். 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வாய்தா மேல் வாய்தாவாக நீளும். 1,766 ரூபாய்க்காக எழுபது வயது அத்தையை அங்கே அலைய விடுவதற்கு எனக்கு மனசு வந்திருக்காது. 25,000 ரூபாய் என்றால் தயங்கவே மாட்டேன்.

அதிகம் பேர் அறியாத இன்னொரு வழி, பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கான நிரந்தர மக்கள் நீதிமன்றம். தொலைபேசிச் சேவை அதன் வரம்புக்குள் வருகிறது. முதலில் சமரசம் பேசுவார்கள். ஒத்துவராவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். இதற்கும் கட்டணமில்லை. கடையின் பெயரில் பத்துப் பதினைந்து இணைப்பு வாங்கி வைத்திருக்கும் வியாபாரிகளுக்கு இது தோதானது. ஏனென்றால் நுகர்வோர் ஆணையத்தில், "இது வணிகத்துக்காக வாங்கியது, இவர் நுகர்வோரே இல்லை" என்று கம்பெனி வாதாடும். இங்கே அந்த வாதம் எடுபடாது. ஆனால் தீர்ப்பு பாதகமாக வந்தால் அப்பீல் கிடையாது, உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவது ஒன்றுதான் வழி. இங்கே மனுக் கொடுத்தபின் அதே தகராறை வேறு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. கையில் ரசீதும் டாக்கெட் எண்ணும் பலமாக இருந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் ஊரில் எங்கே நடக்கிறது என்பதை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.