பாட்சி மிங்க் குவாட்டர், ஷெர்லி சிஷோம் தபால்தலை: ஒரு மதிப்புரை

அமெரிக்க அரசியலில் முதல் இடத்தைப் பிடித்த இரண்டு பெண்களை இன்று கையில் எடுத்துப் பார்க்க முடிகிறது. ஒருவர் பாட்சி மிங்க். 2024இல் வந்த கால் டாலர் நாணயத்தில், அதாவது குவாட்டரில், இருக்கிறார். இன்னொருவர் ஷெர்லி சிஷோம். 2014இல் வந்த தபால்தலையில் இருக்கிறார். 1964இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தேர்வான மிங்க், அங்கே போன வெள்ளையரல்லாத முதல் பெண். 1968இல் தேர்வான சிஷோம் முதல் கறுப்பினப் பெண். நாணயத்தில் இனத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. தபால்தலையிலோ இனம்தான் வரிசையின் தலைப்பு. இப்படிப்பட்ட வெற்றிகளைக் கொண்டாடும்போது இனத்தைச் சொல்ல வேண்டுமா என்று வாக்குவாதம் வரும்போதெல்லாம் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வோம். சொல்லத்தான் வேண்டும் என்பது எங்கள் முடிவு. எப்படிச் சொல்வது என்பதில்தான் இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம் சறுக்குகின்றன.

முதலில் நாணயம். கடையில் மீதிச் சில்லறையாக வரும் சாதாரண குவாட்டர்தான் இது. விட்டம் 24.26 மில்லிமீட்டர், எடை 5.67 கிராம். நடுவில் சுத்தச் செம்பு. இருபுறமும் 75 சதவீதம் செம்பும் 25 சதவீதம் நிக்கலும் கலந்த தகடு. விளிம்பைச் சாய்த்துப் பிடித்தால் செம்புக் கோடு தெரியும். 2022 முதல் 2025 வரை ஆண்டுக்கு 5 பெண்கள் வீதம் 20 பேருக்கு வெளியான வரிசையில் இது 2024இன் இரண்டாவது நாணயம். பின்பக்கத்தில் மிங்க் ஒரு ஆவணத்தைப் பிடித்திருக்கிறார். அதில் ‘டைட்டில் ஒன்பது’ என்று இருக்கிறது. பின்னணியில் காங்கிரஸ் கூடும் கேபிடல் கட்டடம். கழுத்தில் லெய் என்னும் ஹவாய் மலர்மாலை. ‘கல்வியில் சம வாய்ப்பு’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான். ஆசிய அமெரிக்கர் என்றோ ஜப்பானிய வம்சாவளி என்றோ எங்கும் இல்லை. ‘முதல்’ என்ற சொல்லும் இல்லை.

வடிவமைப்பாகப் பார்த்தால் இது நல்ல முடிவு. அவர் யார் என்பதைவிட என்ன செய்தார் என்பதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்த 1972ஆம் ஆண்டுச் சட்டம்தான் டைட்டில் ஒன்பது. அதைக் கொண்டுவர உழைத்தவர்களில் முன்னணியில் இருந்தவர் மிங்க். 2002இல் அவர் இறந்ததும் அந்தச் சட்டத்துக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்துப் பெண் என்பதால் மறுக்கப்பட்டவர் அவர். பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1951இல் சட்டப் பட்டம் வாங்கியும் எந்த நிறுவனமும் வேலை தரவில்லை. இதெல்லாம் தெரிந்தவருக்கு அந்த ஒரு வரியே போதும்.

ஆனால் மிங்க் பட்ட பாட்டில் பாதி மட்டுமே இது. ஹவாயின் மாவி தீவில், பாயியா என்ற ஊரில் 1927இல் பிறந்த அமெரிக்கக் குடிமகள் அவர். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனபோது வெள்ளை மாணவர்களின் விடுதியில் இடம் இல்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கான விடுதிக்கு அனுப்பினார்கள். சொந்த நாட்டில் வெளிநாட்டுக்காரியாக வைக்கப்பட்ட அந்த மாணவி எதிர்த்துப் போராடினார். பல்கலைக்கழகம் அந்த வழக்கத்தை மாற்றியது. இந்தப் பாதியைச் சொல்ல நாணயத்தில் இருப்பது மாலை மட்டும். விஷயம் தெரியாமல் சில்லறையில் அதைப் பார்ப்பவருக்கு, கேபிடல் முன்னால் மாலையுடன் நிற்கும் ஒரு பெண்தான் கண்ணில் படுவார்.

தலைப்பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலப்பக்கம் பார்க்கும் ஜார்ஜ் வாஷிங்டனின் அந்த முகம் லாரா கார்டின் ஃப்ரேசர் வடித்தது. 1932 குவாட்டருக்கான போட்டியில் கலை ஆணையம் பரிந்துரைத்தது அவருடையதைத்தான். கருவூலத் துறை ஜான் ஃப்ளானகனின் வடிவத்தை எடுத்துக்கொண்டது. 90 ஆண்டுகள் கழித்து 2022இல்தான் ஃப்ரேசரின் வாஷிங்டன் குவாட்டருக்கு வந்தார். அதே வாஷிங்டனின் மவுன்ட் வெர்னன் பண்ணையில் 1799இல் அடிமைகளாக இருந்தவர்கள் 317 பேர். முன்புறம் அவர், பின்புறம் மிங்க். இனத்தைப் பேசாமல் இந்த நாணயத்தின் இரண்டு பக்கங்களையும் ஒரே மூச்சில் விளக்க முடியாது.

இனித் தபால்தலை. ‘கறுப்பின மரபு’ என்ற வரிசை 1978இல் ஹாரியட் டப்மனுடன் தொடங்கியது. அதன் 37ஆவது தலையாக 2014 ஜனவரி 31 அன்று வந்தவர் சிஷோம். அச்சு நேர்த்தியானது, முகத்தில் உறுதி தெரிகிறது, வண்ணங்கள் கண்ணை நிறுத்துகின்றன. எழுத்தாக இருப்பவை வரிசையின் தலைப்பு, அவர் பெயர், எந்நாளும் செல்லும் என்பதைக் குறிக்கும் ‘ஃபாரெவர்’ என்ற சொல், நாட்டின் பெயர் ஆகியவைதான். காங்கிரஸ் இல்லை; 1972இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு ஜனநாயகக் கட்சி வேட்பாளராக முயன்றதும், மாநாட்டில் 152 பிரதிநிதிகளின் வாக்கைப் பெற்றதும் இல்லை.

இங்கே சிக்கல் தலைகீழாக வருகிறது. கறுப்பினத்தவர் என்பதைவிடப் பெண் என்பதே அரசியலில் தனக்குப் பெரிய தடையாக இருந்தது என்று சிஷோம் பலமுறை சொன்னவர். அந்த மனிதரை இனம் ஒன்றை மட்டும் தலைப்பாக்கிய வரிசையில் வைத்தால், அவர் வாயாலேயே சொன்ன பாதி கதை விழுந்துவிடுகிறது. இனத்தைச் சொன்னது தவறில்லை. அந்த வரிசை இல்லையென்றால் அவர் தபால்தலையில் வந்திருப்பாரா என்பதே கேள்விதான். அடியில் ‘காங்கிரஸ் உறுப்பினர், 1969–1983’ என்று ஒரு சிறிய வரி சேர்த்திருந்தால் தலை முழுமை பெற்றிருக்கும். அதற்கு இடமும் இருந்தது.

‘திறமையைப் பாருங்கள், நிறத்தை ஏன் பார்க்கிறீர்கள்’ என்று கேட்பவர்கள் உண்டு. நல்லெண்ணத்தோடு கேட்பவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஹைரம் ரெவல்ஸின் கதையைச் சொல்லலாம். 1870 பிப்ரவரியில் மிசிசிப்பியிலிருந்து காங்கிரஸின் மேலவையான செனட்டுக்கு வந்த முதல் கறுப்பின உறுப்பினர் அவர். செனட்டராக 9 ஆண்டுகள் குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பு விதி. உச்ச நீதிமன்றத்தின் 1857ஆம் ஆண்டு டிரெட் ஸ்காட் தீர்ப்புப்படி கறுப்பினத்தவர் குடிமக்களே அல்ல, 1868இல் அவர்களுக்குக் குடியுரிமை தந்த 14ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்த பிறகுதான் ரெவல்ஸ் குடிமகன் ஆனார், ஆகவே தகுதியில்லை என்று எதிர்த்தரப்பு நாள்கணக்கில் வாதாடியது. 48க்கு 8 என்ற வாக்கில் அவர் பதவியேற்றார். தடையை எழுப்பியவர்கள் இனத்தைக் காரணம் காட்டி எழுப்பினார்கள். வெற்றியைச் சொல்லும்போது அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிட்டால், எதைத் தாண்டினார் என்பதே தெரியாமல் ‘ஒருவர் செனட்டர் ஆனார்’ என்ற தகவல்தான் மிஞ்சும்.

முதல் ஒருவர் வந்ததும் பாதை திறந்துவிட்டது என்ற எண்ணமும் சரியல்ல. ஜார்ஜ் ஹென்றி ஒயிட் 1901இல் பதவி முடிந்து போன பிறகு, 1929இல் ஆஸ்கர் டி பிரீஸ்ட் வரும்வரை காங்கிரஸின் இரு அவைகளிலும் கறுப்பின உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. செனட்டில் பிளாஞ்ச் புரூஸ் 1881இல் போனபின் அடுத்தவர் 1967இல் பதவியேற்ற எட்வர்ட் புரூக். தெற்கு மாநிலங்களில் வாக்குரிமையையே பறித்த சட்டங்கள் அந்த இடைவெளிக்கு முக்கியக் காரணம். நினைவுப் பொருள் எதிலும் இந்த இடைவெளி பொறிக்கப்படுவதில்லை. ஆல்பத்தில் வைப்பவர்தான் எழுத வேண்டும்.

இதே புரூஸ் தொடர்பான ஒரு பொருள் வேறு வகையில் அருமையானது. அடிமையாகப் பிறந்து, செனட்டில் முழுப் பதவிக்காலம் இருந்த முதல் கறுப்பினத்தவர் அவர். 1881இல் கருவூலப் பதிவாளர் ஆனார். அக்காலப் பெரிய அளவு டாலர் நோட்டுகளில் அவர் கையெழுத்து அச்சாகியிருக்கிறது. கூடக் கையெழுத்திட்ட கருவூலரின் பெயரையும் சேர்த்து ‘புரூஸ்–கில்ஃபில்லன்’, ‘புரூஸ்–வைமன்’ என்று இரட்டைப் பெயரில் சேகரிப்பாளர்கள் தேடுவது இவற்றைத்தான். நோட்டில் இனம் இல்லை, பதவியும் கையெழுத்தும் மட்டுமே. தெரிந்தவர் கையில் அது மெய்சிலிர்க்க வைக்கும். தெரியாதவருக்கு ஒரு பழைய நோட்டு.

விற்பனைக்கு வரும் பொருள்களில் தவறுகள் குவிவது ‘முதல்’ என்பதன் எல்லையில்தான். மிங்க்கை ‘காங்கிரஸுக்குத் தேர்வான முதல் ஆசிய அமெரிக்கர்’ என்று எழுதினால் தவறு. தலிப் சிங் சவுந்த் 1956லேயே தேர்வானவர். புரூக்கை ‘முதல் கறுப்பின செனட்டர்’ என்பதும் தவறு. ரெவல்ஸையும் புரூஸையும் மாநிலச் சட்டமன்றம் தேர்ந்தெடுத்தது. மக்கள் நேரடியாக வாக்களித்துத் தேர்வான முதல் கறுப்பின செனட்டர்தான் புரூக். கமலா ஹாரிஸ் முதல் பெண் துணைக் குடியரசுத் தலைவர், முதல் கறுப்பினத் துணைக் குடியரசுத் தலைவர், முதல் ஆசிய அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர். மூன்றும் சரி. ஆனால் ‘வெள்ளையரல்லாத முதல்’ என்று போட்டால் 1929 முதல் 1933 வரை அப்பதவியில் இருந்த, கா பழங்குடியைச் சேர்ந்த சார்லஸ் கர்ட்டிஸ் மறைந்துபோகிறார். ஒருவரை உயர்த்த இன்னொருவரை அழிப்பது கொண்டாட்டம் ஆகாது.

ஹாரிஸின் அம்மா சென்னையில் பிறந்தவர் என்பதால் அவர் படம் போட்ட நாணயம் வேண்டும் என்று தேடும் தமிழர்கள் உண்டு. அவருக்கு அமெரிக்க நாணயச்சாலை நாணயம் எதுவும் வெளியிடவில்லை. பெண்கள் குவாட்டர் வரிசையின் சட்டப்படி மறைந்தவர்களுக்கு மட்டுமே இடம். இணையத்தில் கிடைக்கும் வண்ணப்பட நாணயங்கள், உண்மையான நாணயத்தின் மேல் தனியார் படம் ஒட்டியோ சாயம் அச்சிட்டோ விற்பவை. கூட வரும் சான்றிதழ் விற்பவரே அடித்துக் கொடுப்பது. ஒட்டிய படம் சில ஆண்டுகளில் ஓரத்தில் எழும்பும், உரித்தால் பசை நிற்கும், நாணயத்தின் மதிப்பு முகமதிப்போடு நின்றுவிடும். வாங்காதீர்கள்.

மிங்க் குவாட்டரை வாங்க எளிய வழி வங்கி ரோல், அதாவது தாளில் சுருட்டிய நாணயக் கட்டு. ஒரு ரோலில் 40 நாணயங்கள், 10 டாலர். 2024 ரோல்களில் ஐந்து வடிவங்களும் கலந்து வரலாம். தலைப்பக்கத்தில் ‘பி’ இருந்தால் பிலடெல்பியா, ‘டி’ இருந்தால் டென்வர். சேகரிப்பாளர்களுக்கான, கண்ணாடி போல் பளபளக்கும் ‘எஸ்’ புரூஃப் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தது, அதில் 99.9 சதவீத வெள்ளிப் பதிப்பும் உண்டு. மாலையின் இதழ்களும் ஆவணத்தின் எழுத்தும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் புரூஃப்தான் சரி. புழக்கத்தில் தேய்ந்ததில் முதலில் மங்குவது அந்த நுண்ணிய எழுத்துகள்தான்.

நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம். நாளாக ஆகப் பச்சையான பிசுபிசுப்பு படியும். மைலார் என்னும் தெளிவான பிளாஸ்டிக் சாளரம் உள்ள அட்டை உறை அல்லது 24.3 மில்லிமீட்டர் கேப்ஸ்யூல் (வட்டமான கடினப் பிளாஸ்டிக் கூடு) போதும். புரூஃபில் விரல்ரேகை பட்டுவிட்டால் துடைக்கக் கூடாது. சுத்தமான அசிட்டோனில், காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல், முக்கி எடுத்து அப்படியே உலர விடுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும், அது உதவாது.

சிஷோம் தலை தானே ஒட்டும் வகை. பழைய தலைகளைப் போலத் தண்ணீரில் ஊறவைத்தால் பசை கரையாமல் தாள் அடுக்கடுக்காகக் கிழியும். உறையில் ஒட்டியதைச் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டி வைப்பதே பாதுகாப்பு. பயன்படுத்தாத தலைகள் இன்றும் செல்லும். ஒரு அவுன்ஸ் வரையிலான உள்நாட்டுக் கடிதத்துக்கு ஒன்று போதும்.

பொருளுக்கு அடியில் வைக்கும் அட்டைதான் எங்களுக்கு முக்கியம். அதில் பதவி, அது கிடைத்த வழி, ‘முதல்’ என்பதன் சரியான எல்லை, தடையாக நின்ற சட்டமோ வழக்கமோ, அடுத்தவர் வந்த ஆண்டு ஆகியவை இருக்க வேண்டும். மிங்க் அட்டைக்கு ஒரு மாதிரி: ‘ஹவாய், மக்கள் பிரதிநிதிகள் அவை. 1964இல் மக்கள் வாக்கில் தேர்வு. காங்கிரஸில் வெள்ளையரல்லாத முதல் பெண். இனத்தால் விடுதியும், பெண் என்பதால் மருத்துவக் கல்லூரியும் மறுக்கப்பட்டவர். அடுத்தவர் சிஷோம், 1968.’ இனம் இதில் ஒரு வரிதான். அந்த வரியை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள், விடுதி ஏன் மறுக்கப்பட்டது என்பது புரியாது.

இதே வரிசையில் இன்னும் இரண்டை வாங்கலாம். 2022இன் வில்மா மேன்கில்லர் குவாட்டர் எங்கள் கணிப்பில் மிங்க்கைவிடச் சிறந்தது. செரோகி தேசத்தின் முதன்மைத் தலைவராகத் தேர்வான முதல் பெண் அவர். ‘முதன்மைத் தலைவர்’ என்று பதவியையும், தேசத்தின் பெயரைச் செரோகி எழுத்திலேயும், ஏழுமுனை நட்சத்திரத்தையும் பொறித்திருக்கிறார்கள். அவர் எந்த மக்களின் தலைவர் என்பது பார்த்தவுடன் தெரிகிறது, அடைமொழி தேவைப்படவில்லை. அதே ஆண்டின் நினா ஓட்டேரோ-வாரன் குவாட்டரில் ‘பெண்ணுக்கு வாக்கு’ என்ற ஸ்பானிய வரியும் மூன்று யக்கா மலர்களும் இருக்கின்றன. 1922இல் காங்கிரஸுக்குப் போட்டியிட்டுத் தோற்றவர் அவர். ‘போட்டியிட்ட முதல் ஹிஸ்பானியப் பெண்’ என்று அட்டையில் எழுதுங்கள். ‘தேர்வான’ என்று எழுதிவிடாதீர்கள்.

சிஷோமுக்குப் பக்கத்தில் வைக்க 2011இன் பார்பரா ஜோர்டன் தலை பொருத்தம், அதே வரிசையின் 34ஆவது. டெக்சஸ் மாநில செனட்டில் 1883க்குப் பிறகு வந்த முதல் கறுப்பின உறுப்பினர் அவர், 1966இல் தேர்வானவர். அந்த 1883ஐ அட்டையில் மறக்காமல் போடுங்கள்.