அம்மாவின் கேஸ் ஷீட்

இந்த முறை மூன்று வார லீவில் டொராண்டோவிலிருந்து திருநெல்வேலி போனதே அம்மாவுக்காகத்தான். பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மறுவாரமே உள்ளே சீழ் கட்டி, வேறு ஆஸ்பத்திரியில் திரும்பவும் ஆபரேஷன். முதல் ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டால், "சுகர் இருக்குல்ல சார், அப்படித்தான் ஆகும்" என்பதோடு பேச்சு முடிந்தது.

சண்டை போடும் எண்ணம் எனக்கு இல்லை. எந்த நாளில் என்ன வைத்தியம் பார்த்தார்கள் என்று எழுதியிருக்கும் கேஸ் ஷீட் வேண்டும், அவ்வளவுதான். ரெக்கார்ட்ஸ் பிரிவில் இருந்தவர், டிஸ்சார்ஜ் சம்மரி தவிர எதையும் தர வழியில்லை என்றார். அது சரியல்ல. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் சார்பில் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். அம்மாவிடம் கையெழுத்து வாங்கி ஒரு பக்கக் கடிதம் கொடுத்தேன். நகலில் தேதி போட்டு சீல் வாங்கிக்கொண்டேன். அந்த சீலை மட்டும் விட்டுவிடாதீர்கள், வாயால் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. மூன்றாம் நாள் ஜெராக்ஸ் கட்டு கைக்கு வந்தது.

சம்மதப் படிவம் முழுக்க ஆங்கிலம். அடியில் அம்மாவின் கோணல்மாணலான தமிழ்க் கையெழுத்து. என்னென்ன சிக்கல் வரலாம் என்று எழுத வேண்டிய இடம் காலி. அப்புறம் நர்ஸ் எழுதிய காய்ச்சல் சார்ட்: மூன்றாம் நாள் இரவு 101.2, நான்காம் நாள் 101.6. டிஸ்சார்ஜ் சம்மரியில் காய்ச்சல் என்ற சொல்லே இல்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

வக்கீலாக இருக்கும் சித்தப்பா மகனிடம் காட்டினேன். காசு கொடுத்துப் பார்க்கும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது என்றான். எல்லாருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு ஆஸ்பத்திரிக்கு அது பொருந்தாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வைத்தியத்துக்குக் கட்டிய பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் சீழ் பிடித்தது என்பதாலேயே அலட்சியம் என்று ஆகிவிடாது, நன்றாகப் பார்த்தாலும் பிடிக்கலாம், காய்ச்சல் கண்டபிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி என்றும் சொன்னான். அது நியாயமாகப் பட்டது. வேறொரு சர்ஜனின் கருத்துக்காக அந்த ஜெராக்ஸ் கட்டைக் கொடுத்திருக்கிறோம்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்த சார்ட்டைத் தமிழில் படித்துக் காட்டினேன். "அன்னைக்கு ராத்திரியே குளிருதுன்னு சொன்னேம்லா, யாருலே கேட்டா?" என்றார்.