பதில் வந்தும் பிரவுசர் கொடுக்கவில்லை: கார்ஸ் தடைக்கு எந்த வழி நல்லது?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் மாமாவுக்கு மல்லிகை விலை காட்டும் பக்கம் ஒன்று செய்தேன். விலைப் பட்டியல் இருப்பது வேறொருவர் டொமைனில். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் பார்த்தால், நெட்வொர்க் டேபில் 200, அதாவது வெற்றி, என்று காட்டுகிறது, கன்சோலிலோ சிவப்பாக கார்ஸ் எரர். ஒரு டொமைனின் பதிலை வேறொரு டொமைனின் பக்கம் படிக்கலாம் என்று சர்வர் அனுமதி சொல்லும் முறைதான் கார்ஸ்; அந்த அனுமதி இல்லாவிட்டால் பிரவுசர் தடுத்துவிடும். பதில் வந்துவிட்டது, அதைப் படிக்கத்தான் என் ஜாவாஸ்கிரிப்டுக்கு அனுமதி இல்லை. 1995-இல் நெட்ஸ்கேப் 2.0 என்ற பழைய பிரவுசர் காலத்தில் தொடங்கிய காவல் இது. நாம் லாகின் செய்து வைத்திருக்கும் பேங்க் கணக்கை வேறொரு தளம் படித்துவிடாமல் தடுப்பதும் இதே காவல்தான். இதை அணைத்துவிடும் எக்ஸ்டென்ஷன் என் லேப்டாப்போடு சரி. மாமா போனில் எதுவும் மாறாது.

தரவைக் கொடுக்கும் எதிர் சர்வரும் உங்களுடையது என்றால் யோசிக்கவே வேண்டாம். பதிலோடு சேர்ந்து போகும் அக்சஸ்-கன்ட்ரோல்-அலவ்-ஒரிஜின் ஹெடரில் உங்கள் டொமைனை எழுதுங்கள். குக்கீயும் போக வேண்டுமென்றால் அங்கே 'எந்த டொமைனும் படிக்கலாம்' என்று சொல்லும் நட்சத்திரக் குறி செல்லாது. ஜேசான் வடிவில் தரவை போஸ்ட் செய்தால் பிரவுசர் முதலில் ஆப்ஷன்ஸ் கோரிக்கை ஒன்றை அனுப்பிக் கேட்கும். அதற்கும் சர்வர் பதில் சொல்ல வேண்டும். பலரும் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இன்னொரு வழி ஜேசான்பி, தரவை ஒரு ஸ்கிரிப்டாக வரவழைக்கும், 2005-இல் வந்த உத்தி. ஸ்கிரிப்ட் டேகுக்கு இந்தத் தடை இல்லை என்பதை வைத்துப் பிழைத்தது. தரவை வாங்கும் கெட் கோரிக்கை மட்டும்தான் முடியும். அதைவிடப் பெரிய ஆபத்து, அவர்கள் அனுப்புவது எதுவானாலும் நம் பக்கத்தில் நிரலாகவே ஓடும். ஆர்டர் கொடுப்பவர்களின் போன் நம்பர் இருக்கும் பக்கத்தில் அதை விடவே மாட்டேன்.

அடுத்து, நம் கோரிக்கையை வாங்கி எதிர் சர்வரிடம் போய்ப் பதிலை எடுத்துவரும் இடைச் சர்வரான ப்ராக்ஸி. இலவசப் பொது ப்ராக்ஸி ஒன்றை ஒரு வாரம் நம்பினேன். முகூர்த்த நாள் காலையில் அது நின்றுபோனது. "என்ன மாப்ள, விலையவே காணோம்?" என்று மாமா போன் செய்தார். அதன் வழியே போவது எல்லாம் அதை நடத்துபவர் கண்ணில் படும் என்பதும் அப்புறம்தான் உறைத்தது.

கடைசியில் பட்டியல்காரரிடம் அனுமதி கேட்டு, சொந்த சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் மென்பொருளை வைத்து ப்ராக்ஸி போட்டேன். சர்வருக்கும் சர்வருக்கும் நடுவே பிரவுசரின் சட்டம் கிடையாது. மாத வாடகை உண்டு, பராமரிப்பும் உண்டு. எதிர் சர்வர் நம்முடையது இல்லாதபோது இதுவே என் தேர்வு. ஆனால் எந்த முகவரியைக் கொடுத்தாலும் எடுத்து வரும்படி அதைத் திறந்து வைக்காதீர்கள். கண்டவர்களும் உங்கள் சர்வர் வழியே போய் வருவார்கள். என்னுடையது அந்த ஒரே பட்டியலைத்தான் எடுக்கும். ஒருமுறை எடுத்ததை 10 நிமிடம் கேஷில் சேமித்து வைக்கிறேன், அவர்கள் சர்வருக்கும் சுமை குறைவு. முகூர்த்த நாளில் மட்டும் அதை 2 நிமிடமாக்கிவிடுவேன், அன்றைக்கு மல்லிகை விலை நிற்காது.