முழங்கால் அறுவைக்குப் பின்: கூண்டா, மடக்கு வேலியா?

நழுவும் முழங்கால் சில்லைச் சரிசெய்த பொமரேனியன், பூடில் போன்ற சின்ன நாய்களுக்கு முதல் 2 வாரம் கூண்டுதான் சரி. எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் போதும், கூடினால் துள்ளும். சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டுப் புழுக்கத்தில் மின்விசிறிக் காற்று படும்படி வையுங்கள், துணி போட்டு மூடாதீர்கள்.

வேலிக்குள் நாய் அவ்வளவாக முனகாது. ஆனால் ஆளைக் கண்டதும் கம்பியில் முன்கால் வைத்து நிமிர்ந்து நிற்கும். எடையில் பெரும்பகுதி பின்முழங்காலில் இறங்கும். தரையில் பதித்த ஓடுகளும் வழுக்கும். மருத்துவர் தையலைப் பார்த்துச் சரி என்ற பிறகு, யோகா பாயை ஓரம்வரை விரித்து ஒட்டி, பாதத்தடியில் வளர்ந்த முடியைக் கத்தரித்துவிட்டு வேலிக்கு மாற்றுங்கள். எதில் வைத்தாலும், சிறுநீர் கழிக்கக் கீழே கொண்டுபோகும்போது புல்தரைவரை தூக்கியே செல்லுங்கள். ஊன்றத் தொடங்கிய காலை மறுபடி தூக்கிக்கொண்டால் அன்றே காட்டுங்கள்.