பிபி மிஷின் நல்லதுதான், அதன் பட்டைதான் எனக்கு ஆகவில்லை

மாமியாருக்கு பிபி மிஷின் வாங்க வேண்டும், உன்னிடம் இருப்பது எப்படி என்று தோழி கேட்டாள். அந்த வாரம்தான் எங்கள் மிஷினின் கைப்பட்டையில் காற்று கசிந்து சர்வீஸ் சென்டர் வரை போய் வந்திருந்தேன், அதனால் இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சில வருடமாக அம்மாவுக்கு இதில்தான் பார்க்கிறோம். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் அங்கிருந்த மிஷினோடு ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் இல்லை. பேட்டரியும் நாள்பட வருகிறது.

ஆனால் கூட வந்த பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் கைக்கானது. தையல் டேப்பை வைத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அம்மாவின் கையை அளந்தால் 35. சின்னப் பட்டையைப் பருத்த கையில் சுற்றினால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும், அந்த நம்பரை நம்பி மாத்திரையைக் கூட்டினால் அம்மாவுக்குத்தானே தலைசுற்றும்? விற்கிற கடையில் ஒருத்தராவது கை என்ன அளவு என்று கேட்க வேண்டாமா? பெரிய பட்டையைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கினோம். இப்போது அதுவும் கசிகிறது, கேட்டால் உதிரி வராது, புது மிஷின் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

இந்த மிஷின் இல்லாமல் டெல்லியில் அம்மாவின் பிபியைச் சமாளித்திருக்க முடியாது என்பதும் நிஜம். மே மாத வெயிலில் 120, 125 என்று இருப்பது ஜனவரிக் குளிரில் 150ஐத் தொடும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்குவதால் இப்படி ஏறும் என்றார் டாக்டர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவான ஓபிடிக்குப் போனால் அங்கே வரிசையில் நிற்கவைத்து, உட்கார்ந்த உடனே, ஸ்வெட்டர் மேலேயே பட்டையைச் சுற்றி ஒரு நம்பரை எழுதிவிடுவார்கள். வீட்டில் அப்படி இல்லை. காலையில் காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார வைப்பேன், சோபாவில் அம்மாவுக்குக் கால் தரையில் எட்டாது என்பதால் கீழே ஒரு மணை, கைக்கடியில் தலையணை. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து நோட்டில் எழுதுவேன். வீட்டில் எடுப்பதன் சராசரி 135/85க்கு மேல் போனாலே அதிகம்தான், ஆஸ்பத்திரிக் கணக்கான 140/90 இதற்குப் பொருந்தாது.

அந்த நோட்டைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்தை மாற்றினார். அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை 10 மில்லிகிராமில் கணுக்கால் வீங்கியது, அதை 5 ஆக்கி டெல்மிசார்டன் என்ற இன்னொரு பிபி மாத்திரையைச் சேர்த்தார், அதற்காக ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும், பொட்டாசியமும் பார்க்கச் சொன்னார். வெயில் காலத்தில் எழுந்தால் கண் இருட்டுகிறது என்று அம்மா சொன்னபோதும் நோட்டோடு போனோம், டோஸைக் குறைத்தார். நாமாக எதையும் கூட்டவோ நிறுத்தவோ கூடாது, இதில் மட்டும் நான் ரொம்பக் கறார்.

இவ்வளவு உதவியிருந்தும் தோழியிடம் இந்த மாடல் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பட்டை தனியாகக் கிடைக்காத மிஷின் எவ்வளவு சரியாகக் காட்டினால் என்ன? முதலில் மாமியாரின் கையை அளந்துகொள், அந்த அளவுப் பட்டை நாளைக்கும் கிடைக்குமா என்று கடையில் கேள், அப்புறம் விலையைப் பார்க்கலாம் என்றேன்.